மரபின் பெயரால் பேசுவது யார்? ஆப்பிரிக்கப் பெண்களின் நாவல்களை எப்படி வாசிப்பது

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்கு, காலனியத்துக்குப் பிந்தைய ஆப்பிரிக்கப் பெண்களின் நாவல்களில் பாலினமும் பண்பாட்டு அடையாளமும் என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். 'மரபு பெண்ணை ஒடுக்குகிறது, கல்வி விடுவிக்கிறது' என்ற கருத்தை மையமாக வைத்து ஐந்து நாவல்களைப் பார்க்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அந்தக் கருத்தை மையமாக வைக்க வேண்டாம். நீங்கள் எடுக்கும் நாவல்களே அதை உடைத்துப் போடும். ட்சிட்சி டங்காரெம்ப்காவின் 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' (1988) நாவலில் மாய்குரு முதுகலைப் பட்டம் பெற்றவள். அவள் சம்பளம் கணவன் கைக்குப் போகிறது, அவளுக்கு அதில் பேச்சு இல்லை. ஃபுளோரா நுவாப்பாவின் 'எஃபுரு' (1966) நாவலின் நாயகி பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஆனால் தன் வியாபாரம், தன் கடன் கொடுக்கல் வாங்கல், தன் முடிவு என்று வாழ்கிறாள். படித்தவள் கட்டுண்டவளாகவும் படிக்காதவள் சுதந்திரமானவளாகவும் இருக்கும்போது உங்கள் கருத்து எந்தப் பக்கம் நிற்கும்?

அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வாசியுங்கள். நாவலில் யாராவது "இது நம் வழக்கம்" என்று சொன்னால் அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். சொல்வது யார்? அந்த வழக்கத்துக்கு வயது என்ன, உண்மையில் பழையதா, அல்லது கோர்ட்டும் சர்ச்சும் மாதச் சம்பளமும் வந்தபிறகு முளைத்ததா? அதற்குச் செலவு செய்வது யார், பலன் போவது யாருக்கு? பண்பாட்டுக்கும் பெண்ணுக்கும் நடுவே நடக்கும் சண்டையாக இந்த நாவல்களைப் பார்த்தால் பாதிதான் தெரியும். பண்பாடு என்னவென்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதே இவற்றின் சண்டை. அந்த உரிமையைப் பெண்களும் கோருகிறார்கள், சில இடங்களில் உலக்கையைத் தூக்கியே கோருகிறார்கள். 'எஃபுரு'வில் அஜனுப்பு என்றொரு பாத்திரம் வருகிறது, எஃபுருவின் முதல் மாமியாருக்குச் சகோதரி. பிரசவத்துக்குப் பின் எதைச் சாப்பிட வேண்டும், எந்தச் சடங்கை எப்போது செய்ய வேண்டும் என்று ஊர் வழக்கமெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவள். கடைசியில் எஃபுருவின் இரண்டாம் கணவன் அவள்மேல் வீண்பழி சுமத்தி, தட்டிக்கேட்க வந்த அஜனுப்புவை அறைந்ததும், அவன் தலையில் உலக்கையால் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புபவளும் அவள்தான். அவளை 'மரபு' என்ற பெட்டிக்குள் வைப்பீர்களா, 'எதிர்ப்பு' என்ற பெட்டிக்குள் வைப்பீர்களா?

அடுத்தது எண்ணிக்கை. முதுகலை ஆய்வேட்டுக்கு ஐந்து நாவல்கள் அதிகம். ஒவ்வொன்றுக்கும் கதைச்சுருக்கம் எழுதியே பக்கம் தீர்ந்துவிடும். இரண்டு போதும், மிஞ்சிப்போனால் மூன்று. அவற்றுக்கிடையே உண்மையான தொடர்பு இருக்க வேண்டும். 'இரண்டும் ஆப்பிரிக்கா' என்பது தொடர்பு ஆகாது. நைஜீரியாவின் இக்போ இனத்தவர் கிராமமும் செனகலின் டக்கார் நகரமும் ரொடீசிய (இன்றைய ஜிம்பாப்வே) மிஷன் பள்ளியும் மொழியில், மதத்தில், உறவுமுறையில், ஆண்ட வெள்ளையர் யார் என்பதில்கூட வேறுபட்டவை. என்னைக் கேட்டால் 'எஃபுரு'வையும் புச்சி எமெச்செட்டாவின் 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹூட்' (1979) நாவலையும் ஒரு ஜோடியாக எடுப்பேன். இரண்டாவது நாவல் தன் தலைப்பையே முதல் நாவலின் கடைசி வரிகளிலிருந்து எடுத்துக்கொண்டது. மூன்றாவதாக 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்'.

எமெச்செட்டாவின் நாவலைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இதில்தான். கதை பொதுவாக இப்படிச் சுருக்கப்படுகிறது: நூ ஏகோ என்ற இக்போப் பெண் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்து, கடைசியில் கவனிப்பார் யாருமின்றித் தெருவோரம் இறக்கிறாள், ஆகவே தாய்மை ஓர் அடிமைத்தனம். தவறில்லை, ஆனால் நாவல் சொல்வதில் பாதிகூட இதில் இல்லை. முதலில் அவள் பெயரைப் பாருங்கள். நூ ஏகோ என்றால் இருபது மூட்டைச் சோழி. சோழி அந்தக் காலத்துப் பணம். இவள் அதற்கும் மேல் மதிப்புள்ளவள் என்று தகப்பன் அக்பாடி பாசத்தோடு வைத்த பெயர். பாசத்தைச் சொல்லக்கூட விலையைத்தான் அளவாக எடுக்க வேண்டியிருக்கிறது.

அவள் தாய் ஓனாவின் கதை இன்னும் நுட்பமானது. ஓனாவின் தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால் மகளை யாருக்கும் மணமுடித்துக் கொடுக்காமல், அவள் பெறும் மகன் தன் குலத்துக்கே சேரட்டும் என்று வைத்துக்கொள்கிறார். ஓனாவுக்குக் கணவன் கிடையாது, காதலன் உண்டு, அவன்தான் அக்பாடி. பிறப்பது ஆணானால் தாத்தாவுக்கு, பெண்ணானால் அக்பாடிக்கு என்று ஏற்பாடு. மேலோட்டமாகப் பார்த்தால் ஓனா சுதந்திரப் பறவை. உண்மையில் கணவனுக்குப் பதில் தகப்பனின் சொத்தாக இருக்கிறாள். அது அவளுக்கே தெரியும் என்பதற்கு அவளுடைய கடைசி வேண்டுகோளே சாட்சி: மகளை அவள் வாழ்க்கையை வாழ விடு, விரும்பினால் கணவன் இருக்கட்டும், பெண்ணாக இருக்க விடு என்று அக்பாடியிடம் கேட்டுவிட்டு இறக்கிறாள். இஃபி அமாடியூமே என்ற மானுடவியலாளர் 1987இல் எழுதிய 'மேல் டாட்டர்ஸ், ஃபீமேல் ஹஸ்பண்ட்ஸ்' என்ற நூல், இக்போச் சமூகத்தில் மகளுக்கு மகனின் இடம் தரப்படுவதை விளக்குகிறது. நூலைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதே ஏற்பாட்டின் வலியை எமெச்செட்டா எட்டு ஆண்டு முன்பே கதையில் வைத்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'ச்சி'யை விட்டுவிடாதீர்கள். இக்போ நம்பிக்கையில் ஒவ்வொருவருக்கும் ஒரு ச்சி உண்டு, ஒருவரோடு கூடவே வரும் தனித் தெய்வம் என்று சொல்லலாம். நூ ஏகோவின் ச்சி ஓர் அடிமைப் பெண். அக்பாடியின் மூத்த தாரம் இறந்தபோது கூடவே புதைக்கப்பட்டவள். உயிருக்குக் கெஞ்சியவளை அக்பாடியின் மகன்களில் ஒருவன் தலையில் வெட்டுகிறான். பின்னால் பிறக்கும் நூ ஏகோவின் தலையில் அதே இடத்தில் அடையாளம். காலனியத்துக்கு முந்தைய இக்போ வாழ்வு பொற்காலம் என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் இந்தப் பகுதிக்குத் திரும்புங்கள். கதைக்குள் வெள்ளைக்காரன் காலடி படுமுன்பே அந்த வீட்டில் ஒரு பெண்ணின் ரத்தம் சிந்தியிருக்கிறது, அது மகளின் தலையில் கடனாக இறங்குகிறது. காலனியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற வாசிப்பை எமெச்செட்டா முதல் அத்தியாயங்களிலேயே தடுத்துவிடுகிறார்.

பிறகு லாகோஸ் நகரம். நூ ஏகோவின் இரண்டாம் கணவன் நைஃபே ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைப்பவன், துரைசானியின் உள்ளாடை உட்பட. கிராமத்திலிருந்து வந்தவளுக்கு இது ஆண்பிள்ளை வேலையாகவே படவில்லை. பக்கத்தில் குடியிருக்கும் சமையற்காரனின் மனைவி கார்டேலியா சொல்லும் பதிலை அப்படியே மேற்கோள் காட்டலாம். இங்கே ஆண்களெல்லாம் அடிமைகள்தான், நாமும் அப்படித்தான், அவர்களுக்கு எஜமான் வெள்ளையன், நமக்கு எஜமான் அவர்கள் என்பது அதன் சாரம். நூ ஏகோ கர்ப்பமானதும் நைஃபே மகிழ்வதற்கு முன்னால் பயப்படுகிறான். சர்ச்சில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று தெரிந்தால் வேலை போய்விடுமே என்று. ஒரு குழந்தை பிறப்பதில் முதலாளியம்மாவின் மதமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே கிராமத்து வழக்கம் எப்படி உருமாறுகிறது என்று பார்க்க வேண்டும், ஆய்வேட்டின் இதயமே இதுதான். கிராமத்தில் மனைவிக்குத் தன் குடிசை, தன் நிலத்துண்டு, தன் சந்தை, பிறந்த வீட்டுப் பெண்களின் கூட்டம் எல்லாம் உண்டு. அக்பாடியைப் போன்றவனுக்குப் பல தாரங்கள் இருந்தால் ஒவ்வொருத்திக்கும் தனி இடம் இருந்தது. லாகோஸில் ஒரே அறை. அண்ணன் இறந்து அவர் மனைவி அடாக்கு வழக்கப்படி நைஃபேக்கு வந்து சேரும்போது, அதே அறையில் திரைக்கு அந்தப் பக்கம் கணவனோடு அவள், இந்தப் பக்கம் தூக்கமின்றி நூ ஏகோ. பலதார மணம் என்ற பெயர் அதேதான், அதைத் தாங்கிக்கொண்டிருந்த நிலமும் குடிசையும் போய்விட்டன. ஆணுக்கான சலுகை மட்டும் நகரத்துக்குப் பயணம் செய்தது. பெண்ணுக்கான பாதுகாப்பு கிராமத்திலேயே தங்கிவிட்டது. இந்த வேறுபாட்டைக் காட்டாமல் 'பலதார மணம் பெண்ணை ஒடுக்குகிறது' என்று மட்டும் எழுதினால் நாவலின் உழைப்பு வீணாகும்.

நைஃபே போருக்குப் போயிருக்கும் காலத்தில் அடாக்குவுக்கும் நூ ஏகோவுக்கும் மனத்தாங்கல் வருகிறது. தப்பு நூ ஏகோ மேல். ஆனால் லாகோஸில் இருக்கும் ஊர்க்கார ஆண்கள் கூடி, மகன் பெறாத அடாக்குவைத்தான் கண்டிக்கிறார்கள். அடாக்கு வீட்டை விட்டு வெளியேறுகிறாள், தன் மகள்களைப் படிக்க வைக்கிறாள். இந்த நாவலில் வழக்கத்தின் தீர்ப்பைக் கேட்டு விலகிப் போகிறவள் அவள் ஒருத்திதான். இறுதியில் கோர்ட் காட்சி. மகள் வேறு இனமான யொரூபாப் பையனை விரும்பியதால் நைஃபே அந்தக் குடும்பத்தின்மேல் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போய் வழக்காகிறது. சாட்சிக் கூண்டில் நூ ஏகோவிடம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுவது யார் என்று கேட்கிறார்கள். சிகரெட்டும் தீப்பெட்டியும் விறகும் விற்று அவள்தான் கட்டினாள். அவள் சொல்லும் பதிலோ, நான் கட்டினாலும் அவர் என்னை உடையவர், ஆகவே அவர் கட்டியதாகத்தான் அர்த்தம் என்பது. கோர்ட் சிரிக்கிறது. இந்த ஒரு பக்கத்தை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம். குடும்பத்துக்கு விசுவாசமாக அவள் சொன்ன சொல்லே கணவனுக்கு எதிரான சாட்சியாக மாறுகிறது. வழக்கத்தின் மொழியில் அது மரியாதை, ஆங்கிலேயச் சட்டத்தின் மொழியில் வேடிக்கை. இரண்டு மொழிக்கும் நடுவே அவள் உழைப்பு மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

வரலாற்றுப் பின்னணிக்கு ஒரு நிகழ்ச்சியைக் கட்டாயம் சேருங்கள். 1929 இறுதியில் தென்கிழக்கு நைஜீரியாவில் இக்போப் பெண்களும் அண்டை மக்களின் பெண்களும் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். காலனி அரசு நியமித்த 'வாரண்ட் சீஃப்'களின் அதிகாரத்துக்கும், பெண்களுக்கு வரி வரப்போகிறது என்ற அச்சத்துக்கும் எதிராக எழுந்தது அது. துப்பாக்கிச் சூட்டில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அரசுப் பதிவுகளில் அது 'அபா கலவரம்', இக்போ மொழியில் அது 'பெண்களின் போர்'. அந்தப் பெண்கள் கையாண்டது புதிய முறை அல்ல. தவறு செய்த ஆணின் வீட்டு வாசலில் கூட்டமாக உட்கார்ந்து, பாடி, ஏசி, அவன் வழிக்கு வரும்வரை நகராமல் இருப்பது அவர்களுடைய பழைய வழக்கம். காலனி நிர்வாகம் ஆண் தலைவர்களை மட்டும் பார்த்து, பெண்களின் இந்த அமைப்புகளை நிர்வாகமாகவே எண்ணவில்லை. அதனால் பிற்காலத்தில் 'வழக்காற்றுச் சட்டம்' என்று எழுத்தில் ஏறியதில் ஆண்கள் சொன்ன வழக்கமே பெரும்பாலும் ஏறியது. நாவலில் ஓர் ஆண் "நம் மரபு" என்று சொல்லும்போது அதற்குள் இந்த வரலாறும் இருக்கிறது.

இனி 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்'. ரொடீசியா ஜிம்பாப்வே ஆவதற்கு முன், 1960களின் கடைசியில் தொடங்கும் கதை. சகோதரன் இறந்ததற்கு எனக்கு வருத்தமில்லை என்ற முதல் வாக்கியத்திலேயே கதைசொல்லியான சிறுமி தம்புட்சாய் (சுருக்கமாகத் தம்பு) நம்மை உலுக்கிவிடுகிறாள். அவன் இறந்ததால்தான் அவளுக்கு மிஷன் பள்ளியில் இடம் கிடைக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த நாவலில் ஒரு தனி வசதி உண்டு, ஆங்கில வாசகருக்கு அது கிடையாது. தம்புவின் குடும்பம் பேசும் ஷோனா மொழியில் பாபாமுகுரு என்பது பெயர் அல்ல, உறவுமுறை. பாபா அப்பா, முகுரு பெரிய. அப்படியே நம் பெரியப்பா. மாய்குரு பெரியம்மா. டேட்டே என்றால் அப்பாவின் சகோதரி, நம் அத்தை. ஆங்கிலத்தில் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று ஆகிவிட்டால் இந்த ஏணியின் படிகள் அழிந்துவிடும். பெரியப்பா என்றதுமே நமக்குத் தெரியும், தம்பியின் வீட்டிலும் அவர் பேச்சுத்தான் செல்லும். அத்தையின் இடத்தையும் கவனியுங்கள். குடும்பப் பஞ்சாயத்து கூடும்போது டேட்டே கிளாடிஸ் ஆண்களோடு உள்ளே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறாள். தம்புவின் தாயும் சித்தி லூசியாவும் வெளியே, வழக்கே லூசியாவைப் பற்றியது என்றாலும். மாய்குருவைப் பேசச் சொன்னால், நான் இந்தக் குடும்பத்தில் பிறந்தவளா என்ன என்று ஒதுங்கிக்கொள்கிறாள். பெண் என்பதால் மட்டும் ஒருத்தி வெளியே நிறுத்தப்படுவதில்லை. பிறந்த பெண்ணா, வாழ வந்த பெண்ணா என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. லூசியா பொறுக்க மாட்டாமல் உள்ளே புகுந்து, தன்மேல் பழிபோட்ட டேக்ஷுரேயின் காதைப் பிடித்து இழுக்கும் காட்சியின் வேகம் இந்தப் பின்னணியில்தான் முழுதாகத் தெரியும். ஆனால் ஒப்புமையை உறவுச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷோனாக் குடும்பத்தைத் தமிழ்க் குடும்பமாக்கிவிட்டால் மற்ற எல்லாமே கோணலாகும்.

பாபாமுகுருவை வில்லனாக்குவது அடுத்த தவறு. அவருக்கு மரியாதை தருவது ஷோனா உறவுமுறை, அதிகாரம் தருவது மிஷன் கொடுத்த படிப்பும் தலைமையாசிரியர் பதவியும் சம்பளமும். தம்பிக்கும் அவர் மனைவிக்கும் இத்தனை பிள்ளைகளுக்குப் பிறகு சர்ச்சில் கல்யாணம் நடந்தே தீர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கிறாரே, அது எந்த மரபு? ஷோனா மரபுப்படி அவர்கள் ஏற்கெனவே கணவன் மனைவிதான். பெற்றோர் வாழ்வையே கேலிக்கூத்தாக்குவதாக உணர்ந்த தம்பு அந்தக் கல்யாணத்துக்குப் போக மறுக்கிறாள், அடியும் தண்டனையும் வாங்குகிறாள். பாபாமுகுருவுக்கு அவள் காட்டும் முதல் வெளிப்படையான எதிர்ப்பு கிறிஸ்தவக் கல்யாணத்தை எதிர்த்துத்தான் வருகிறது, உள்ளூர் வழக்கத்தை எதிர்த்து அல்ல. உங்கள் பழைய கருத்து உடையும் இடங்களில் இதுவும் ஒன்று.

பாபாமுகுருவின் மகள் நியாஷாவின் உணவுக் கோளாறுக்கு வருவோம். இங்கிலாந்தில் சில ஆண்டு வளர்ந்து ஷோனா மறந்து திரும்பிய பெண். தகப்பன் தட்டில் போட்டதைத் தின்றுவிட்டு வாந்தியெடுக்கிறாள். ஒருநாள் வரலாற்றுப் புத்தகத்தைப் பல்லால் கிழிக்கிறாள். சாப்பாடும் பாடமும் ஒரே வாய்க்குள் திணிக்கப்பட்டவை, இரண்டையும் அவள் உடம்பு வெளியே தள்ளுகிறது. ஒரு வெள்ளை மனநல மருத்துவர் ஆப்பிரிக்கர்களுக்கு இந்த நோய் வராது, நடிக்கிறாள் என்கிறார். தம்புவின் தாய்க்கோ இது 'இங்கிலீஷ்தன'த்தின் வேலை. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் நியாஷா மெலிகிறாள். இவளுக்கு எதிர்முனையில், வயலில் களையெடுத்தபடியே தம்புவுக்கு நிலம் பறிபோன கதையைச் சொல்லும் பாட்டியை நிறுத்துங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாறு பாட்டியின் வாயில் இருக்கிறது.

ஒரு சிறு எச்சரிக்கை. நாவலின் தலைப்பு காலனிய எதிர்ப்புச் சிந்தனையாளர் ஃபனோனின் வாக்கியம் என்று பல ஆய்வேடுகளில் எழுதுகிறார்கள். அது ஃபனோனின் 'ரெச்சட் ஆஃப் தி எர்த்' (1961) நூலுக்குப் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் எழுதிய முன்னுரையிலிருந்து வந்தது. வைவா தேர்வில் மாட்டிக்கொள்ளும் இடம்.

மரியாமா பாவின் 'சோ லாங் எ லெட்டர்' (1979) நாவலையும் அமா அட்டா ஐடூவின் 'சேஞ்சஸ்' (1991) நாவலையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். முதலாவது பிரெஞ்சில் எழுதப்பட்டது. நீங்கள் படிப்பது மொதுபே போதே தாமஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆகவே அதன் ஆங்கிலச் சொற்களை நுணுக்கமாக ஆராய்ந்து வாதம் கட்டாதீர்கள். விதவையான ரமத்துலாய் இஸ்லாமிய வழக்கப்படியான இத்தாக் காலத்தில், அதாவது நாலு மாதம் பத்து நாளில், தோழிக்கு எழுதும் நீண்ட கடிதம் அது. கணவன் அவளை விட்டு மகளின் தோழியையே இரண்டாந்தாரமாக்கினான் என்பதோடு நின்றுவிடாமல் கணக்கைப் பாருங்கள். இருவர் சேமிப்பிலும் வாங்கிய வீட்டின் பத்திரம் கணவன் பெயரில் மட்டும். அதை அடமானம் வைத்துத்தான் இளையவளுக்கு அவன் வேறு வீடு வாங்குகிறான். தோழி ஐசாத்துவின் மண வாழ்வு முறிவதில் சாதியும் இருக்கிறது. அவள் பொற்கொல்லர் மகள், மாமியார் அரச வம்சம். மதத்தை மட்டும் குற்றம் சொல்லும் வாசிப்பு இந்த இரண்டையும் கவனிக்காமல் போகிறது.

'சேஞ்சஸ்' நாவலில் எஸி கானா நாட்டின் அக்ராவில் வேலை பார்க்கும் புள்ளியியல் அதிகாரி. கணவன் அவளைப் பலவந்தப்படுத்துகிறான். அதற்கு என்ன பெயர், நம் மொழியில் அதற்குச் சொல்லே கிடையாதே என்று அவள் யோசிக்கும் பகுதி முக்கியமானது. சொல் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லாமல் போகிறது. அவள் அவனை விட்டுவிட்டு, விருப்பத்தோடு வேறொருவனுக்கு இரண்டாந்தாரமாகப் போகிறாள் என்பது வாசகரைத் திணறடிக்கும். அந்தத் திணறலை மறைக்காமல் எழுதுங்கள்.

தமிழில் குறிப்பெடுக்கும்போது சில சொற்கள் காலை வாரிவிடும். 'பிரைட் பிரைஸ்' என்பதை வரதட்சணை என்று எழுதிவிடுகிறார்கள். திசையே தலைகீழ். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குத் தருவது அது, நம்மிடம் 'பரிசம்' என்ற சரியான சொல் இருக்கிறது. பரிசம் கட்டாவிட்டால் பிள்ளைகள் யார் குலத்துக்கு என்ற கேள்வி எழும். எஃபுருவும் அவள் முதல் கணவனும் பரிசம் கட்டாமல் சேர்ந்து வாழ்ந்து, பிறகு உழைத்துச் சேர்த்து அதைக் கட்டுவது அதனால்தான். 'சக்களத்தி' என்ற சொல்லில் பகை ஏற்கெனவே கலந்திருக்கிறது, மூத்த தாரம், இளைய தாரம் என்று எழுதினால் நாவல் காட்டும் வயது வரிசை தெரியும். ச்சியைத் தலைவிதி என்று எழுதினால் அந்த அடிமைப் பெண் காணாமல் போய்விடுவாள். எஃபுருவை 'மலடி' என்று எழுதுவது தகவல் பிழையும்கூட. அவளுக்கு ஒகோனிம் என்ற மகள் பிறந்து இறந்துபோகிறாள்.

கோட்பாட்டுக்கு அதிக இடம் தராதீர்கள். எமெச்செட்டாவின் சிறிய எஃப் போட்ட ஃபெமினிசம், ஒகுன்யெமியின் உமனிசம், ஒகுண்டிப்பே-லெஸ்லியின் ஸ்டிவானிசம், நெமெக்காவின் நெகோ-ஃபெமினிசம் என்று பெயர்ப்பலகைகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கொடுத்தால் நாவல் பின்னால் போய்விடும். எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு பக்கம் போதும். ஒயெவூமியின் 'தி இன்வென்ஷன் ஆஃப் விமன்' (1997) நூலையும் எச்சரிக்கையாகக் கையாளுங்கள். வயது மூப்பே அடிப்படை, பாலினம் காலனியம் கொண்டுவந்த பிரிவு என்ற அதன் வாதம் யொரூபாச் சமூகத்தைப் பற்றியது. அதைத் தூக்கி ஷோனா நாவலில் பொருத்த முடியாது.

வேலையைத் தொடங்கும் முறை இது. முதல் வாசிப்பில் குறிப்பே எடுக்காமல் கதையோடு போங்கள். இரண்டாம் வாசிப்பில் பென்சிலோடு நாலு வகை இடங்களை மட்டும் குறியுங்கள்: பணம் கைமாறும் இடம், வழக்கம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லும் இடம், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று ஆசிரியர் சுட்டும் இடம், யார் எங்கே உட்கார்கிறார்கள் அல்லது எங்கே நிறுத்தப்படுகிறார்கள் என்ற இடம். ஒரு நாவலுக்கு முப்பது இடம் சேர்ந்தால் போதும். அவற்றில் ஒன்றோடொன்று முரண்படும் ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுங்கள், அத்தியாயம் அந்த முரணிலிருந்துதான் பிறக்கும். ஒத்துப்போகும் மேற்கோள்களை மட்டும் அடுக்கினால் ஆய்வு நகராது. எந்தப் பதிப்பு என்பதை முதல் நாளே குறித்து வையுங்கள். 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' 1988இல் லண்டன் விமன்ஸ் பிரஸ் வெளியீடாக வந்தது, பின்னர் ஆயெபியா பதிப்பும் வந்தது, பக்க எண்களைக் கலந்துவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

இன்றே தொடங்குவதென்றால் 'எஃபுரு'வின் கடைசிப் பக்கத்தையும் 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹூட்'டின் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முதலாவதில் எஃபுரு உறங்குகிறாள், ஏரியின் தெய்வம் உஹமிரி கனவில் வருகிறாள். அழகும் செல்வமும் உடையவள், பெண்களுக்கு அவற்றைத் தருபவள், ஆனால் பிள்ளை இல்லாதவள். தாய்மையின் இன்பத்தை அறியாத அவளைப் பெண்கள் ஏன் வணங்குகிறார்கள் என்ற கேள்வியோடு நாவல் முடிகிறது. இரண்டாவதில், பிள்ளை பல பெற்று வளர்த்தும் தனியே இறந்துபோன நூ ஏகோவுக்கு மகன்கள் பெரிய இறுதிச் சடங்கு செய்கிறார்கள், அவள் பெயரில் ஒரு கோயிலும் எழுகிறது. பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் அங்கே போகிறார்கள். அவள் தருவதில்லை.